ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் ஒரு சாக்கு

முள்ளக்காட்டில் திருச்செந்தூர் ரோட்டை ஒட்டி, ஒரு பஞ்சர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே பால்துரையின் கடை இருக்கிறது. போர்டு கிடையாது. செப்புக்கம்பி பிடுங்கப்பட்ட மோட்டார்கள் வாசலில் குடல் சரிந்து கிடக்கும், அதுதான் போர்டு. சுற்றுவட்டாரத்து உப்பளங்களில் நிலத்தடி உப்புத்தண்ணீரை இறைக்கிற மோட்டார் எது புகைந்தாலும் இங்கேதான் காயில் கட்ட வரும். அந்தக் காற்றில் எந்த மோட்டாரும் முழுசாக மூன்று வருடம் ஓடாது. அதனால் முப்பது வருடமாகப் பால்துரைக்கு வேலை இல்லாத நாள் என்று ஒன்று இருந்ததில்லை.

ஆள் குள்ளம், ஐம்பத்தாறு வயது. பிறந்தது கொற்கையில், வாழைத்தோட்டத்து வேலைக்காரர் வீட்டில். எட்டாம் வகுப்போடு படிப்பும் அவரும் ஒருவரையொருவர் விட்டுவிட்டார்கள். பதினைந்து வயதில் டவுனுக்கு வந்து ஒரு காயில் கடையில் ஒட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் பேச்சில் மோட்டாரைத் தவிர வேறு எதுவும் பெரிதாக வந்ததில்லை. சாவு வீட்டுக்குப் போனால் மாலையைப் போட்டுவிட்டு, மேலே அண்ணாந்து பார்த்து, "ஃபேன்ல பேரிங் போயிட்டு" என்று சொல்லிவிட்டு வருகிற மனுசன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. துக்கத்தைப் பற்றிப் பேச அவருக்கு வேறு வார்த்தை தெரியாது, அவ்வளவுதான்.

ஆறுமுகநேரியில் அவர் கல்யாணம் நடந்தபோது பந்தல் ஃபேன் நின்றுவிட்டது. மாப்பிள்ளை மணவறையிலிருந்து எழுந்து போய் அதைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். மணப்பெண் சண்முகவடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் இருபத்தைந்து வருடம் நிறுத்தவில்லை. அவள் உப்பளத்து வீட்டுப் பெண். பாத்தியில் உப்பு வாறுவதில் அவள் வேகத்துக்கு ஆண்கள் ஈடு கொடுக்க மாட்டார்கள். கல்யாணமாகி மகள் இந்துமதி பிறந்த பிறகும் அளத்து வேலையை விடவில்லை. புருசன் காயில் கட்டிய மோட்டாரை அளத்தில் ஓட்டுவதும் நிறுத்துவதும் அவள் பொறுப்பு. "எங்க வீட்டு மாப்பிள்ளைய விட இந்த மோட்டாருக்குத்தான் எம்மேல பிரியம் ஜாஸ்தி, கூப்பிட்ட ஒடனே பேசும்" என்று கூட வேலை பார்க்கிற சீனித்தாயிடம் சொல்வாளாம்.

அளத்தில் மழைக்கென்று ஒரு முறை உண்டு. மேகம் கறுத்ததும் முதலில் மோட்டாரை நிறுத்தி, ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் சாக்கைப் போட்டு மூடுவார்கள். அடுத்து, பாத்தியை ஒட்டிய தட்டுமேட்டில் குவித்து வைத்த உப்பைத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். ஆள் கொட்டகைக்கு ஓடுவது கடைசியில்தான். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. மோட்டார் நனைந்தால் வாரக்கணக்கில் வேலை நிற்கும். உப்பு நனைந்தால் கரைந்து போகும். ஆள் நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். இதுதான் கணக்கு. இந்தக் கணக்கில் தப்பு இருக்கிறது என்று அந்தக் கரையில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. பால்துரைக்குத் தோன்ற நியாயமே இல்லை; ஒவ்வொரு மோட்டாரையும் கொடுத்து அனுப்பும்போது, "மேகத்தைக் கண்டா மொதல்ல இத மூடணும்" என்று வாய் வலிக்கச் சொல்லி அனுப்புகிறவரே அவர்தான்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு, சித்திரை மாதம். அன்று மத்தியானம் வல்லநாட்டு மலைப் பக்கம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. கோடை மழை அப்படித்தான், சொல்லாமல் வரும். பால்துரை கடையில் நின்றபடி வானத்தைப் பார்த்தார். முந்தின நாள்தான் புதிதாகக் காயில் கட்டி, வயர் இழுத்து, மோட்டாரை மாட்டிவிட்டு வந்திருந்தார். மனைவிக்குப் போன் போட்டு மோட்டாரை நிறுத்தச் சொன்னார். ஒரு நிமிடம்கூட இருக்காது அந்தப் பேச்சு. அடுத்த கால் மணி நேரத்தில் டீக்கடைக்காரர் ஓடி வந்தார். அளத்தில் சண்முகவடிவு விழுந்து கிடக்கிறாளாம்.

சைக்கிளைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடியபோது மழை விட்டிருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டி கருகிக் கிடந்தது. அதற்கு ஓர் எட்டு தள்ளி அவள் மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் நனைந்த சாக்கு. கழுத்திலிருந்து இடது தோள் வரை செக்கச்செவேலென்று கடல்பாசி ஒட்டியிருந்தது. பாத்தித் தண்ணீரில் பாசி எப்படி வந்தது என்றுதான் அந்த நேரத்திலும் அவருக்குத் தோன்றியது. வேட்டி நுனியால் துடைத்தார். போகவில்லை. பாசி இல்லை அது. தோலுக்குள்ளேயே கிளை கிளையாகப் பிரிந்து, நுனி நுனியாக மெலிந்து, வரைந்து வைத்தது போல இருந்தது. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் வந்து அவரைத் தூக்கி விலக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைக் கொடுத்தபோது அந்தக் கோலம் மறைந்து போயிருந்தது. திருநெல்வேலி காலேஜ் ஹாஸ்டலிலிருந்து வந்து சேர்ந்த இந்துமதி அதைப் பார்க்கவே இல்லை. மற்றவர்களும் கவனிக்கவில்லை. காகிதத்தில் மின்சாரம் தாக்கி மரணம் என்று இருந்தது. எந்த மின்சாரம் என்று காகிதம் சொல்லவில்லை. சண்முகவடிவின் தம்பி லிங்கராஜ் சொன்னான். நடுவீட்டில், அத்தனை பேர் முன்னால் சொன்னான்.

"நீரு இழுத்த வயருல்லா அத்தான்! முந்தா நாள் இழுத்தீரு, நேத்து எங்க அக்காளக் கொன்னுட்டீரு!"

 பால்துரையால் அதை மறுக்க முடியாத காரணம் ஒன்று இருந்தது. அந்த வயரில் ஒரு ஜாயின்ட் இருந்தது. கொண்டுபோன வயர் இரண்டு முழம் குறைந்துவிட்டது. கடைக்குத் திரும்பி வரச் சோம்பல்பட்டு, துண்டு வயரைச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார். நன்றாகத்தான் சுற்றினார். ஆனால் நன்றாகச் சுற்றினோமா என்று அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் கையை விரித்துப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. போய்ச் சோதித்துப் பார்க்கலாம் என்றால், அளத்து ஆட்கள் கருகிய பெட்டி, வயர், மோட்டார் எல்லாவற்றையும் அன்றே பழைய இரும்பு லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு இந்துமதி அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு என்னப்பா நடந்துச்சு?"

பால்துரை சொன்னார். வயரைப் பற்றிச் சொன்னார், ஜாயின்டைப் பற்றி, எர்த் கம்பியைப் பற்றி, ஃபியூஸ் ஏன் போகவில்லை என்பதைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னார். பாசி மாதிரி இருந்ததையும் சொன்னார். பாதியிலேயே அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆறுமுகநேரிக்கு, லிங்கராஜ் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். படிப்பை முடித்து சாகுபுரத்தில் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்தபோதும் அங்கிருந்தேதான் போய் வந்தாள். வருசாவருசம் அம்மாவின் நினைவு நாளுக்கு வருவாள், விளக்கேற்றுவாள், நின்றபடியே போவாள். அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள்.

ஜாயின்ட்தான் மகளைக் கொண்டுபோய்விட்டது என்று பால்துரை நம்பினார். போன் பேசியதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எப்படியும் அவள் மோட்டார் பக்கத்தில்தானே நின்றிருப்பாள், தான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் சாக்குப் போடத்தானே போயிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிச் சொல்லி அது கிட்டத்தட்ட உண்மையாகவே ஆகிவிட்டது. மனுசன் தன்னையே ஏமாற்ற நினைத்தால் தடுக்கிறவர் யார்?

போனில் பேசினாலே தேடித் தருகிற வசதியை இந்துமதிதான் ஒரு காலத்தில் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஒரு நாள் அதை வாயருகே வைத்துக்கொண்டு, "இடி விழுந்தவங்க உடம்புல பாசி மாதிரி வருமா" என்று கேட்டார். படங்கள் வந்தன. எந்த ஊரோ தெரியாத ஒரு வெள்ளைக்காரனின் முதுகில் அப்படியே அதே கோலம். பால்துரை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இடி இறங்கினால் சில பேர் உடம்பில் அப்படி வரும், ஒரு நாளில் மறைந்துவிடும், மோட்டார் லைனில் அடித்தால் அப்படி வராது என்று கீழே போட்டிருந்தது. படத்தை உடனே மகளுக்கு அனுப்பினார். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை.

சயின்ஸ் படித்த பிள்ளை, எவனோ போட்ட போட்டோவை நம்புமா? கண்ணால் பார்த்தால்தான் நம்பும். அவருக்கே கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி. ஆகவே ஒரு இடியைச் சின்ன அளவில் கடைக்குள் உண்டாக்கிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். எட்டாம் வகுப்பு படித்தவருக்கு வருகிற யோசனை இல்லைதான். ஆனால் வந்துவிட்டது.

லைன் கரண்ட் குழாய்த் தண்ணீர் மாதிரி, விடாமல் ஒரே சீராக வரும். இடி அப்படி இல்லை. மேகம் நெடுநேரம் சேர்த்து வைத்ததையெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் கொட்டிவிடும். அதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒரே வெட்டில் கொட்டுகிற பவர் சப்ளை வேண்டும். பழைய குண்டு டிவிகளுக்குள் திரைக்கு வோல்டேஜ் ஏற்றுகிற ஈ.எச்.டி. என்றொரு உருப்படி உண்டு. டவுனில் பழைய சாமான் கடைகளில் தேடி நாலைந்து டிவிகளைத் தூக்கி வந்தார். "அண்ணாச்சி, உலகக் கோப்பைய இதுலயா பாக்கப் போறீய?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். கரண்டைச் சேர்த்து வைக்கிற கண்டன்சர்களை வரிசையாகக் கோத்துத் தகர டப்பாவில் எண்ணெய்க்குள் மூழ்க வைத்தார். சேர்ந்தது தானாக வெடித்துத் தாண்டுவதற்குப் பழைய பீரோவின் இரண்டு பித்தளைக் குமிழ்களை எதிரெதிரே நிறுத்தினார். கோலம் விழுவதற்கு ஒரு அக்ரிலிக் தகடு, அதற்கு அடியில் எர்த் கொடுத்த தகரம், மேலே சண்முகவடிவு உப்பு மூட்டை தைத்த கோணி ஊசி. ஊசி வழியாக வெட்டு இறங்கும். பிறகு ஜெராக்ஸ் மெஷினில் போடுகிற கறுப்புப் பொடியைத் தூவி ஊதினால், கரண்ட் ஓடிய பாதையில் மட்டும் பொடி ஒட்டி நிற்கும். இதையும் போன்தான் சொன்னது.

சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. செய்ய இரண்டு வருடம் பிடித்தது. பகலில் மோட்டார் வேலை, இடைவேளையில் இது. முதல் கண்டன்சர் வரிசை டப்பாவோடு வெடித்துச் சுவரெல்லாம் எண்ணெய் தெறித்தது. இரண்டாவது, நிறுத்தி வெகுநேரம் கழித்துத் தொட்டபோது இடது கையில் அறைந்தது. மூலையில் போய் விழுந்தார். அன்றிலிருந்து மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் உணர்ச்சி கிடையாது. அதற்குப் பிறகு அந்த மேஜைக்கு முன் போனால் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார். இரண்டு கையும் நீட்டினால்தான் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும், அதற்காக. நிறுத்திய பிறகும் எர்த் கட்டிய கம்பால் குமிழ்களை மூன்று தடவை தொட்ட பிறகே கிட்டே போவார்.

இதற்கெல்லாம் மேல் எதிரி அந்த ஊர்க் காற்று. கடல்காற்றின் ஈரமும் உப்பும் தகட்டில் படிந்து, சேர்த்த சார்ஜையெல்லாம் சொட்டுச் சொட்டாகக் களவாடிக்கொண்டு போயின. ஐப்பசி முதல் மாசி வரை ஒரு பொறிகூட வராது. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து புழுதியை வாரிக்கொண்டு அடிக்கிற காய்ந்த காற்றில், அதிலும் நடு மத்தியானத்தில் மட்டுமே வேலை நடந்தது. ஊரே அந்தக் காற்றைத் திட்டியது. பால்துரை ஒருத்தர்தான் அதற்காக வருசம் முழுக்கக் காத்திருந்தார்.

முதல் வருட ஆனியில் ஒரு நாள் பட்டென்று வெட்டு இறங்கியது. பொடியைத் தூவி ஊதினார். தகட்டில் கோலம் நின்றது. ஆனால் அது பாசி இல்லை. தோசை மாதிரி வட்டமாக, ஓரம் மழுங்கி, கிளையே இல்லாமல் நின்றது. பத்து தடவை செய்தார். பத்தும் வட்டம். அப்படியென்றால் சண்முகவடிவின் தோளில் இருந்தது இடி இல்லை. ஜாயின்ட்தான். நான்கு நாள் கடை திறக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, சோறு வடிக்காமல், பாயில் கிடந்தார். சீனித்தாய் வந்து தட்டியபோதும் எழவில்லை. ஒரு கொலைகாரன் எப்படிக் கிடப்பானோ அப்படிக் கிடந்ததாக அவரே பிற்பாடு சொன்னார்.

ஐந்தாம் நாள் எழுந்து போய் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார். கரண்டை ஒரே பக்கமாக விடுகிற டயோடுகளைத் தலைகீழாகக் கோத்திருந்தார். ப்ளஸ் வர வேண்டிய இடத்தில் மைனஸ். மைனஸ் வெட்டு வட்டமாக விழும், ப்ளஸ் வெட்டுத்தான் கிளை விடும் என்று தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு மாதம் ஆனது. அதற்குள் காற்றுத் திரும்பிவிட்டது. மாற்றிக் கோத்ததை ஓட்டிப் பார்க்க அடுத்த வருட ஆனி வர வேண்டியிருந்தது.

அந்த ஆனியும் வந்தது. ஒரு மத்தியானம் பொடியை ஊதியபோது, ஊசி இருந்த இடத்திலிருந்து ஒரு தண்டு கிளம்பி, கிளையாகி, கிளைக்குள் கிளையாகி, மயிரிழை நுனிகளாக முடிந்து நின்றது. பால்துரை வேட்டி நுனியை எடுத்தார். எடுத்த பிறகுதான், துடைக்கப் போகிறோம் என்று தெரிந்து கையை இழுத்துக்கொண்டார். பிறகு மோட்டார் லைனிலிருந்து நேராக வயர் எடுத்து இன்னொரு தகட்டில் வைத்துப் பார்த்தார். பொடி மொத்தமும் பறந்து போயிற்று, ஒன்றுமே நிற்கவில்லை. மாற்றி மாற்றி இருபது தடவை பார்த்தார். அன்று அவர் குலுங்கிக் குலுங்கி அழுததைப் பஞ்சர் கடைக்காரர் பார்த்திருக்கிறார்.

இந்துமதி அவர் போனை எடுக்க மாட்டாள். சீனித்தாய் பேசினால் எடுப்பாள். சீனித்தாயைப் பேசச் சொன்னார்.

"என்னன்னு சொல்லட்டும் அண்ணாச்சி?"

"அம்மாவக் கொன்னது வயர் இல்லன்னு காட்டுதேன், ஒரே ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போவச் சொல்லு."

சீனித்தாய் ஏதோ சொல்ல வந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று போய்விட்டாள்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பஸ் போன புழுதியோடு இந்துமதி கடைக்குள் வந்தாள். இருபத்துமூன்று வயது. அம்மாவின் நெற்றி, அம்மாவின் நடை.

"வா இந்து. தண்ணி குடிக்கியா?"

"வேண்டாம்ப்பா."

அவர் முகம் கழுவி, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, முதலில் மோட்டார் லைனை வைத்துக் காட்டினார். தகடு வெறிச்சென்று இருந்தது. பிறகு அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மெஷினை ஓட்டினார். உஸ்ஸென்று ஒரு சத்தம் ஏறிக்கொண்டே போய், பித்தளைக் குமிழ்களுக்கு நடுவே பட்டென்று ஒரு நீல வெட்டு. அவள் தோள் அதிர்ந்தது. கம்பால் மூன்று தடவை தொட்டார். பொடியைத் தூவினார். ஊதினார். தகட்டை எடுத்து மகள் கையில் கொடுத்தார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மாவுக்கு இப்படியா இருந்துச்சு?"

"இப்படியேதான். ஆனா செவப்பா. இங்கன ஆரம்பிச்சு, இங்கன வரைக்கும்." தன் கழுத்திலிருந்து தோள் வரை விரலால் வரைந்து காட்டினார்.

அவள் தகட்டைத் தன் இடது தோளருகே கொண்டுபோனாள். பொடி கலைந்துவிடுமோ என்று அப்படியே நிறுத்திக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. பால்துரை பேச ஆரம்பித்தார். இரண்டு வருடமாக மனதுக்குள் பேசிப் பார்த்த பேச்சு, நிற்காமல் வந்தது.

"பாத்தியா, வயர் இல்ல. ஜாயின்ட் நல்லாத்தான் இருந்துருக்கு. எர்த்தும் சரியாத்தான் இருந்துருக்கு. பொட்டி கருவுனது மேல இருந்து எறங்குன இடியால. நான் இழுத்த வயர் இல்ல இந்து. லிங்கராஜ் மாமாவயும் கூட்டிட்டு வா, அவனுக்கும் காட்டுதேன்…"

அவர் பேசி முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள்.

"நான் எப்பப்பா வயரக் கேட்டேன்?"

அவருக்குப் புரியவில்லை.

"மாமாதான் வயரச் சொன்னாவ. நான் கேக்கலியே. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னுதான கேட்டேன்? நீங்க வயரச் சொன்னீங்க. ரெண்டு வருசமா அதையேதான் சொல்லுதீங்க. அம்மாகிட்ட போன்ல என்ன பேசுனீங்கன்னு ஒரு நாளாவது சொன்னீங்களா?"

வெளியே காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"ஒனக்கு… யாரு சொன்னா?"

"சீனித்தாய் அத்தைதான். பதினாறு முடியுமுன்னாடியே சொல்லிட்டாவ. ஒங்ககிட்ட சொல்ல வேண்டாம், அப்பா தாங்க மாட்டாருன்னும் சொன்னாவ." அவள் தகட்டை மேஜையில் வைத்தாள். "மொத இடி கேட்ட ஒடனே ரெண்டு பேரும் கொட்டகைக்கு ஓடியாந்துட்டாவளாம்ப்பா. அம்மா உள்ள வந்துட்டாவ. சேலையப் பிழிஞ்சிட்டு நின்னாவளாம். அப்பதான் ஒங்க போனு வந்துருக்கு."

பால்துரைக்கு இது தெரியாது. சாமி சத்தியமாகத் தெரியாது. மோட்டார் பக்கத்தில்தான் நின்றாள், எப்படியும் போயிருப்பாள் என்று இத்தனை நாள் பிடித்துக்கொண்டு நின்ற கம்பு கையோடு முறிந்துவிட்டது. அவள் கொட்டகைக்குள் இருந்தாள். உயிரோடு, சேலையைப் பிழிந்துகொண்டு, சிரித்துக்கொண்டும் இருந்திருப்பாள். ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். இடது கை இன்னும் பைக்குள்ளேயே இருந்தது.

"என்ன சொன்னீங்கப்பா?"

மகள் கேட்டது கோர்ட்டில் கேட்கிற மாதிரி இல்லை. சின்னப் பிள்ளையில் கதை கேட்பாளே, அந்த மாதிரிதான் கேட்டாள். அதுதான் அவரைப் பேச வைத்தது.

"மோட்டார ஆஃப் பண்ணிட்டியான்னு கேட்டேன். இனிமேதான் பண்ணணும், இப்பதான் வந்தோம்னா. எங்க வந்தீயன்னு நான் கேக்கல. புதுசா காயில் கட்டிருக்கு, ஸ்டார்ட்டர் மேல சாக்கப் போட்டு மூடுன்னேன்." நிறுத்தினார். உதடு கோணியது. "இடி பக்கத்துல இடிக்குதுங்கன்னா. பயமாருக்குன்னா. அவ பயமாருக்குன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல இந்து. 'ஒரு நிமிசந்தான ஏளா, ஓடிப்போயிப் போட்டுட்டு வா'ன்னேன். சரின்னா. வச்சிட்டா."

அதைச் சொல்லி முடித்ததும் அவருக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லாமல் போயிற்று. மெஷின் இருந்தது, டப்பா இருந்தது, குமிழ்கள் இருந்தன. ஒன்றைப் பற்றியும் ஒரு வார்த்தை வரவில்லை.

இந்துமதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் போயிருக்கவே மாட்டேன்ப்பா. ரெண்டு பேரும் சேந்து அழுதுருப்போம்."

அவர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அவருக்கே தெரியாது.

தகட்டைத் தான் கொண்டுபோகலாமா என்று அவள் கேட்டாள். அம்மாவின் உடம்பில் கடைசியாக இருந்ததை தான் பார்க்கவே இல்லையே என்றாள். பால்துரை அதன் மேல் இன்னொரு தகட்டை மெதுவாக வைத்து, நான்கு ஓரத்திலும் கறுப்பு டேப் ஒட்டினார். உணர்ச்சியில்லாத இரண்டு விரல்களும் டேப்பைப் பிடிக்க மறுத்தன. அவள் பிடித்துக்கொடுத்தாள். மூன்று மணி பஸ்ஸில் அதை மடியில் மட்டமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்து போனாள். கடையில் தண்ணீர் குடிக்கவில்லை. பஸ் ஏறும்போது திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பால்துரை அந்த மெஷினை ஓட்டவில்லை. கம்பால் மூன்று தடவை தொட்டு, பிரித்து, பித்தளைக் குமிழ்களைப் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டார். மறுவாரத்திலிருந்து, காயில் கட்டி முடித்த மோட்டாரோடு கொடுத்து அனுப்புகிற ஒவ்வொரு ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியிலும் மஞ்சள் பெயிண்டில் தன் கையால் எழுத ஆரம்பித்தார். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். இப்போது முள்ளக்காட்டைச் சுற்றி எந்த அளத்துக்குப் போனாலும் அதைப் பார்க்கலாம். ஒரு நாள் பெட்டியை வாங்க வந்த ஆள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அண்ணாச்சி, மோட்டார ஓட்டுதது நானுல்லா, என்னையப் போயி பொம்பளையக் கூப்பிடுத மாதிரி ஏளான்னு எழுதிருக்கீயளே?" என்று சிரித்தார்.  பெயிண்ட் காயட்டும், தொடாமல் கொண்டுபோங்கள் என்று மட்டும் பால்துரை சொன்னார். மூடியில் இருந்தது இதுதான்:

இடி கேட்டா நீ ஓடு ஏளா. இது நனைஞ்சா நனையட்டும், நான் திரும்பக் கட்டித் தாரேன்.